பசித்த பிள்ளை எடுத்த படம்

பழைய படம் என்றால் நம் மக்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. கறுப்பும் வெளுப்புமாய்த் திரையிலே உருவங்கள் அசையத் தொடங்கியதும், பார்ப்பவர் நெஞ்சிலே பழைய நாள் எழுந்து வந்து அமர்ந்துகொள்ளும். கண்ணீர் வரும். அந்தக் கண்ணீரிலே ஓர் இனிமையும் கலந்திருக்கும். பட்டினி கிடந்த நாள் பொன்னாளாகத் தோன்றும். கிழிந்த சட்டை பட்டாடையாகத் தெரியும்.

திருப்பனந்தாள் கடைத்தெருவுக்கு மாலை வேளையிலே வாருங்கள். தேநீர்க்கடை பெஞ்சிலே எண்பதைத் தாண்டிய பெரியவர்கள் சிலர் இன்னமும் அமர்ந்திருக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு வந்த பஞ்ச நாட்களைப் பற்றி அவர்களைக் கேளுங்கள். ரேஷன் அரிசிக்குக் கால் கடுக்க நின்றது, அதுவும் கிடைக்காதபோது கிழங்கை அவித்துத் தின்றது, ஏட்டைப் பிடிக்க வேண்டிய கையிலே மாட்டுக் கயிற்றைப் பிடித்தது, பண்ணை வீட்டுக் கொல்லையிலே கூழுக்குக் காத்து நின்றது, எல்லாவற்றையும் சொல்வார்கள். சொல்லி முடித்ததும் புன்னகை செய்வார்கள். அதனால்தான் உடம்பு உரம் பெற்றது, அதனால்தான் மனம் திடம் பெற்றது என்று முடித்து வைப்பார்கள்.

அந்தப் பெரியவர்களை நாம் வணங்குகிறோம். அவர்கள் சொல்லும் முடிவை மட்டும் மறுக்கிறோம். காவிரி பாய்ந்து, களம் நிறைய நெல் குவியும் நாட்டிலே, நாற்று நட்டவள் பிள்ளை வெறும் வயிற்றோடு நின்றதே, அதற்குப் பெயர் கொடுமை. கொடுமையைத் தாங்கியவன் பெருமைக்குரியவன். தாங்கியவனைப் புகழும்போது, தாக்கியதையும் சேர்த்துப் புகழ்ந்துவிடக் கூடாது!

இதை உலகத்துக்கே எடுத்துச் சொன்ன ஒருவர் இருந்தார். மேடையேறி முழங்கியவரல்லர். வாய் திறவாமலே சொன்னவர். ஒட்டு மீசை, உருண்டைத் தொப்பி, இறுக்கிப் பிடித்த கோட்டு, தொளதொளத்த கால்சட்டை, காலுக்குப் பெரிதான பூட்சு, கையிலே வளையும் பிரம்பு. பெயரைச் சொல்லவும் வேண்டுமோ! சார்லி சாப்ளின்தான். அவருடைய வாழ்வையும், அந்த வாழ்விலிருந்து பிறந்த ஒரு படத்தையும் பற்றித்தான் இன்று தோழர்களோடு பேச விரும்புகிறோம்.

1889-ம் ஆண்டு ஏப்ரல் 16-ம் நாள் இலண்டனிலே பிறந்தான் சார்லி. எந்த இலண்டன்? உலகத்தின் கால்வாசியைக் கட்டி ஆண்ட இலண்டன்! நம் நாட்டுப் பருத்தியும், இலங்கைத் தேயிலையும், ஆப்பிரிக்கத் தங்கமும் வந்து இறங்கிய இலண்டன்! அந்தச் செல்வபுரியின் தென்பகுதியிலே, ஏழைகள் நெருங்கி வாழ்ந்த தெருக்களிலே அவன் வளர்ந்தான். தந்தை பாட்டுக்காரர். தாய் ஹன்னாவும் பாடகி. தந்தைக்குக் குரல் இருந்தது, புகழ் இருந்தது, குடியும் இருந்தது. குடி மற்ற இரண்டையும் விழுங்கியது. குடும்பத்தைக் கைவிட்டார். 1901-ல், நாற்பது வயதைக்கூட எட்டாமல் மாண்டார்.

தாய் ஒருத்தி, பிள்ளைகள் இருவர். மூத்தவன் சிட்னி, இளையவன் சார்லி. ஒரு நாள் மேடையிலே பாடிக்கொண்டிருந்த தாயின் குரல் உடைந்தது. கூட்டம் கூச்சலிட்டது. தாய் இறங்கினாள். ஐந்து வயதுச் சிறுவனை மேடையில் ஏற்றினார்கள். அவன் பாடினான். காசுகள் வந்து விழுந்தன. பாட்டைப் பாதியிலே நிறுத்திவிட்டுக் காசு பொறுக்கத் தொடங்கினான். கூட்டம் சிரித்தது. சாப்ளினின் முதல் நகைச்சுவை அதுதான். கூட்டத்துக்கு அது வேடிக்கை. பிள்ளைக்கோ அது அன்றைய அடுப்புக்கு விறகு!

தாயின் குரல் திரும்பவே இல்லை. தையல் வேலை செய்தாள். தையல் எந்திரத்துக்குத் தவணை கட்ட முடியவில்லை. 1896-ல் தாயும் பிள்ளைகளும் ஏழையர் விடுதிக்குப் போனார்கள். ஏழையர் விடுதி என்றதும் நம் ஊர்ச் சத்திரம் போல் எண்ணிவிடாதீர்கள். வாசலிலேயே தாயை ஒரு பக்கம் அனுப்புவார்கள், பிள்ளையை ஒரு பக்கம் அனுப்புவார்கள். சொந்த உடையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, விடுதி உடையை மாட்டுவார்கள். வயிற்றுக்குக் கொஞ்சம் கொடுத்து, மானத்தை முழுவதுமாக எடுத்துக்கொள்வார்கள். ஏழையாக இருப்பது குற்றம், அந்தக் குற்றத்துக்குத் தண்டனை சோறு! அந்நாளைய சட்டத்தின் நினைப்பு இப்படித்தான் இருந்தது.

ஹன்னா செய்த ஒரு காரியத்தைக் கேளுங்கள். பிள்ளைகளைப் பார்க்காமல் நெஞ்சு தாங்கவில்லை. ஒரு நாள் காலையிலே, விடுதியை விட்டே வெளியேறுகிறோம் என்று எழுதிக் கொடுத்தாள். விதிப்படி உடைகளைத் திருப்பித் தந்து மூவரையும் வெளியே விட்டார்கள். நேரே ஒரு பூங்காவுக்குப் போனார்கள். சிட்னியிடம் இருந்த சில்லறைக் காசுக்குப் பழம் வாங்கித் தின்றார்கள். பழைய செய்தித்தாளைச் சுருட்டிப் பந்தாக்கி விளையாடினார்கள். தேநீர் குடித்தார்கள். பொழுது சாய்ந்ததும் மீண்டும் விடுதி வாசலுக்கே வந்து, புதிதாகச் சேர வந்தவர்கள் போல் நின்றார்கள். அதிகாரிகளுக்கு எரிச்சல். மீண்டும் பதிவு, மீண்டும் குளியல், மீண்டும் பிரிவு. ஒரே ஒரு நாள் தாயாக இருக்க, ஒரு தாய் சட்டத்தை இப்படி ஏமாற்ற வேண்டியிருந்தது!

ஹான்வெல் என்னும் ஊரிலே ஏழைப் பிள்ளைகளுக்கான பெரிய பள்ளிக்கும் சார்லி அனுப்பப்பட்டான். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அடைபட்டிருந்த இடம் அது. தாய்க்கோ சித்தம் கலங்கியது. 1903-ல், பதினான்கு வயதுச் சார்லி, தாயின் கையைப் பிடித்துத் தானே மருத்துவமனைக்கு நடத்திப் போனான். உண்ணாமல் உடல் நலிந்ததும் அவள் நோய்க்குக் காரணம் என்று மருத்துவர் கண்டார். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் பட்டினி கிடந்த தாயின் மூளை கலங்கியது, தோழர்களே! அண்ணன் கப்பல் வேலையிலே கடலில் இருந்தான். அவன் திரும்பும்வரை தெருவே சார்லிக்கு வீடு.

தோழர்கள் கேட்கக்கூடும், இலண்டன் கதை நமக்கு எதற்கு என்று. சற்று நிறுத்தி, நம் பக்கத்து ஊரைப் பாருங்கள். திருப்பனந்தாளிலே பஸ் ஏறினால் இறங்கும் ஊர் கும்பகோணம். முதல் உலக யுத்தம் முடிந்த நாட்களிலே இலங்கையிலிருந்து, தந்தையை இழந்த இரண்டு பிள்ளைகளோடு ஒரு தாய் அங்கே வந்து சேர்ந்தாள். பெயர் சத்தியபாமா. இளைய பிள்ளை ஆனையடிப் பள்ளியிலே சில ஆண்டுகள்தான் படித்தான். வயிறு விடவில்லை. பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் குழுவிலே அண்ணனும் தம்பியும் சேர்ந்தார்கள். சோறு கிடைக்கும் என்பதற்காக மேடை ஏறிய அந்தப் பிள்ளைதான் எம்.ஜி.ஆர். சார்லியும் பத்து வயதை எட்டும் முன்பே, சிறுவர்கள் எட்டுப் பேர் ஆடும் நடனக் குழு ஒன்றிலே சேர்ந்து ஊர் ஊராகப் போனான். தேம்ஸ் நதிக்கரையிலும் காவிரிக் கரையிலும் ஒரே கதை. பாடப் புத்தகத்தைப் பறித்துக்கொண்டு அரிதாரத்தைப் பூசிவிடும் கதை!

சார்லிக்குப் படிக்கவும் சரியாகத் தெரியாது. நாடகத்திலே வேடம் கிடைத்தபோது, அண்ணன் சிட்னி வசனத்தைப் படித்துச் சொல்லச் சொல்ல மனப்பாடம் செய்தான். உழைத்தான். 1908-ல் கார்னோ என்பவரின் நகைச்சுவைக் குழுவிலே சேர்ந்தான். 1910-ல் அந்தக் குழுவோடு அமெரிக்கா போனான். 1914-ல் திரையிலே தோன்றினான். அந்த ஆண்டிலேயே தொப்பியும் பிரம்பும் மீசையுமாக நாடோடி பிறந்துவிட்டான். அப்போது வாரச் சம்பளம் 150 டாலர். இரண்டே ஆண்டில், 1916-ல், வாரம் 10,000 டாலர்! உலகத்திலேயே மிகுந்த ஊதியம் பெறுவோரில் ஒருவராகிவிட்டார் ஏழையர் விடுதிச் சிறுவர்.

இங்கேதான் கதையை நிறுத்திவிடுவார்கள் பலர். பார்த்தீர்களா, உழைத்தால் உயரலாம், வறுமை ஒரு தடையே அல்ல என்பார்கள். நாம் கேட்கிறோம். ஹான்வெல் பள்ளியிலே சார்லியோடு வரிசையில் நின்ற மற்ற பிள்ளைகள் எங்கே? அவர்கள் பெயர் என்ன? அவர்களில் யாருக்குச் சிலை இருக்கிறது? ஒருவன் கரையேறியதைக் காட்டி, மூழ்கியவர்களை மறைப்பது என்ன நியாயம்? ஒரு சாப்ளினைக் காட்டி ஏழ்மைக்கு நற்சான்று வழங்குவோர், அந்தப் பிள்ளைகளின் கணக்கையும் காட்டட்டும்!

சாப்ளின் அந்தக் கணக்கை மறக்கவில்லை. அதற்குச் சான்றுதான் அவர் எடுத்த அந்தப் படம்.

1918 நவம்பரிலே முதல் யுத்தம் முடிந்தது. வெற்றி பெற்ற நாடுகளிலும் வீடு திரும்பிய போர் வீரனுக்கு வேலை இல்லை. விலைவாசி ஏறியது. யுத்தத்தோடு வந்த காய்ச்சல் உலகத்தை வாரிக்கொண்டு போனது. நம் இந்தியாவிலே மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அரிசி விலை தாளாமல் 1918-ல் சென்னை மாகாணத்திலே மக்கள் கடைகளைச் சூறையாடினார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகள் எத்தனை நாடுகளின் தெருக்களிலே நின்றார்கள்!

சாப்ளின் வீட்டிலும் ஒரு துயரம். 1919 ஜூலையிலே அவருக்கு முதல் மகன் பிறந்தான், மூன்றே நாளில் இறந்தான். அந்தத் துயரம் ஆறுமுன்பே, ஒரு நாடகக் கொட்டகையிலே தந்தையோடு சேர்ந்து ஆடிய ஐந்து வயது நிரம்பாத சிறுவனைக் கண்டார். ஜாக்கி கூகன் என்று பெயர். அவனை வைத்துப் படம் எடுக்கத் தொடங்கினார். படத்தின் பெயர் ‘கிட்’, பொடியன் என்று சொல்லலாம்.

கதை எளியது. கைவிடப்பட்ட தாய் ஒருத்தி, தன் குழந்தையாவது நன்றாக வாழட்டும் என்று பணக்காரரின் காரிலே வைத்துவிட்டுப் போகிறாள். காரைத் திருடர்கள் கொண்டுபோகிறார்கள். குழந்தை குப்பைச் சந்திலே வீசப்படுகிறது. வந்து சேர்கிறான் நாடோடி. குழந்தையை யார் தலையிலாவது கட்டிவிடத்தான் முதலில் பார்க்கிறான். முடியவில்லை. தூக்கிக்கொண்டு தன் மேல்மாடி அறைக்குப் போகிறான். கந்தலைக் கிழித்துத் துணியாக்குகிறான், காப்பிக் கெண்டியைப் பால் புட்டியாக்குகிறான், ஓட்டை நாற்காலியைத் தொட்டிலுக்குத் துணையாக்குகிறான். ஐந்து ஆண்டு ஓடுகிறது. பையன் தெருவிலே சன்னல் கண்ணாடிகளைக் கல்லெறிந்து உடைக்கிறான். சற்று நேரத்திலே கண்ணாடி பதிக்கும் நாடோடி தற்செயலாக வருவது போல் வருகிறான்! கொட்டகை அதிரச் சிரிப்பு. பையன் சமைக்கிறான், நாடோடி படுக்கையிலிருந்து எழுந்து வந்து உண்கிறான். சாமான் எதுவும் இல்லாத வீடு. பாசத்துக்குக் குறைவில்லாத வீடு.

பையனுக்குக் காய்ச்சல் வருகிறது. மருத்துவர் வருகிறார். நீ தகப்பனா என்று விசாரிக்கிறார். இல்லை என்று தெரிந்ததும் கடிதம் எழுதுகிறார். அனாதை விடுதி அதிகாரிகள் லாரியோடு வந்து இறங்குகிறார்கள். பையனைப் பிடுங்கி லாரியிலே போடுகிறார்கள். அவன் இரு கையும் நீட்டிக் கதறுகிறான். ஊமைப் படம், ஒலி கிடையாது. ஆனாலும் அந்தக் கதறல் காதைத் துளைக்கிறது! நாடோடி கூரை மீது ஏறி ஓடுகிறான், வீட்டுக்கு வீடு தாவுகிறான், ஓடும் லாரியிலே குதிக்கிறான், அதிகாரியை உருட்டிவிட்டுப் பையனை வாரி அணைக்கிறான். இருவர் முகமும் ஒட்டிக்கொள்கின்றன, இருவர் கண்ணீரும் ஒன்றாகின்றன.

முடிவிலே, இதற்குள் புகழ் பெற்ற நடிகையாகிவிட்ட தாயிடம் பையன் சேர்கிறான். நாடோடிக்கும் அந்த வீட்டுக் கதவு திறக்கிறது. நல்ல முடிவுதான். ஆனால் கொட்டகையை விட்டு வெளியே வருகிறவன் நெஞ்சிலே நிற்பது அந்த மாளிகைக் கதவன்று, லாரியிலே நீண்ட அந்த இரண்டு சின்னக் கைகளே!

சாப்ளின் அந்தக் காட்சியிலே எதைக் காட்டினார்? தன்னைக் காட்டினார். தாயை ஒரு பக்கம், பிள்ளையை ஒரு பக்கம் பிரித்த 1896-ம் ஆண்டைக் காட்டினார். அந்த மேல்மாடி அறையிலே, அவர் தாயோடு வாழ்ந்த இலண்டன் அறையின் சாயல் இருக்கிறது. அன்று விடுதியில் தாயைப் பிரிந்த சிறுவனால் செய்ய முடியாததை, முப்பது வயதிலே திரையிலே செய்து தீர்த்துக்கொண்டார். கூரை ஏறி ஓடிப் பிள்ளையை மீட்டார்!

ஏழ்மை அழகானது என்று அந்தப் படத்திலே ஒரு காட்சிகூடச் சொல்லவில்லை. அன்பு அழகானது என்று சொல்கிறது. அந்த அன்பைப் பிய்த்தெறிய வறுமை லாரி ஏறி வருகிறது என்றும் சொல்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள்தாம், படம் முடிந்ததும் அந்தக் காலம் போல் வருமா என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

படம் வெளிவந்த கதையும் சாதாரணமல்ல. அப்போது முதல் மனைவியோடு மணமுறிவு வழக்கு. படச் சுருளுக்கு வழக்கிலே ஆபத்து வரும் என்று அஞ்சி, காப்பித் தகரங்களிலே அடைத்து வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய், ஓட்டல் அறையிலே வைத்துத் தொகுத்தார். ஆறு சுருள் படம். 1921-ல் வெளிவந்தது. உலகமே சிரித்து அழுதது. அந்த ஆண்டிலேயே தாய் ஹன்னாவை அமெரிக்காவுக்கு வரவழைத்து, 1928-ல் அவர் இறக்கும்வரை வைத்துக் காப்பாற்றினார்.

சாப்ளினைக் குறையற்றவர் என்று நாம் சொல்லவில்லை. குழந்தைப் பருவத்துக்காகக் கண்ணீர் விட்ட அவரே, 1918-லும் 1924-லும் பதினாறு வயதுப் பெண்களை மணந்தவர். அந்த இரண்டு மணமும் கசப்பிலே முடிந்தன. கலையைப் பாராட்டும்போது இதை மறைப்பது நேர்மையாகாது.

இன்னொன்று கேளுங்கள். 1931-ல் இலண்டன் போனபோது, ஹான்வெல் பள்ளிக்குச் சென்றார். தான் வரிசையில் நின்ற கூடத்திலே, வரிசையில் நின்ற பிள்ளைகளைக் கண்டார். உள்ளம் உருகினார். மீண்டும் வருவேன், படம் காட்டும் கருவி கொண்டு வருவேன் என்று வாக்களித்தார். கருவி வந்தது, பரிசு வந்தது, அவர் வரவில்லை. ஆட்களிடம் கொடுத்தனுப்பினார். பிள்ளைகள் ஏமாந்தார்கள். ஒரு மனிதனின் கருணை எவ்வளவு பெரிதானாலும், அது அவனுடைய வசதியைப் பொறுத்தது! அதனால்தான் சொல்கிறோம், பிள்ளையின் பசி எவருடைய இரக்கத்தையும் நம்பி இருக்கக் கூடாது.

அந்தப் படத்திலே நடித்த பிள்ளையின் கதை இன்னும் கொடியது. ஜாக்கி கூகன் உலகப் புகழ் பெற்றான். 1924-ல், ஒன்பது வயதிலே, போரிலே அனாதைகளான ஆர்மீனிய, கிரேக்கப் பிள்ளைகளுக்காக ஊர் ஊராகச் சென்று பாலும் உணவும் துணியும் திரட்டிக் கொடுத்தான். அவன் சம்பாதித்தது பல இலட்சம் டாலர். வளர்ந்து ஆளானபின் கேட்டால், பெட்டி காலி! தாயும், தாயின் இரண்டாவது கணவரும் செலவழித்துவிட்டார்கள். 1938-ல் வழக்குத் தொடுத்தான். கிடைத்தது மிகச் சிறு பகுதி. நாடு கொதித்தது. குழந்தை நடிகரின் ஊதியத்திலே ஒரு பங்கைக் குழந்தைக்கென்றே ஒதுக்க வேண்டும் என்று 1939-ல் கலிபோர்னியா மாநிலம் சட்டம் செய்தது. அது கூகன் சட்டம் என்றே இன்றும் அழைக்கப்படுகிறது. குடிசைப் பிள்ளையின் உழைப்பையும் பறிப்பார்கள், கோடீசுவரப் பிள்ளையின் உழைப்பையும் பறிப்பார்கள். இரண்டிடத்திலும் பிள்ளையைக் காத்தது சட்டம் ஒன்றே.

சாப்ளின் மேலே நடந்தார். 1931-ல் இலண்டனுக்கு வந்திருந்த காந்தியாரைச் சந்தித்து, எந்திரம் நல்லதா கெட்டதா என்று பேசினார். 1936-ல் ‘மாடர்ன் டைம்ஸ்’ எடுத்தார். ஆலையிலே திருகாணி முடுக்கி முடுக்கி மனிதனே திருகாணி ஆகிவிடும் கூத்து அது. எட்டு மணி நேரமும் ஒரே வேலையைச் செய்து கை ஓய்ந்த தோழர்கள் அதைப் பார்த்தால், சிரிப்போடு ஒரு சினமும் பிறக்கும். 1940-ல் ‘கிரேட் டிக்டேட்டர்’ எடுத்து இட்லரை எள்ளி நகையாடினார். அதிகார பீடங்களுக்கு இது பிடிக்குமா? பொதுவுடைமைக்காரர் என்று பட்டம் கட்டினார்கள். 1952-ல் கப்பலேறி ஐரோப்பா போனவர், கடல் நடுவே இருக்கும்போதே, திரும்பி வரும் அனுமதியை அமெரிக்க அரசு நீக்கியது. நாற்பது ஆண்டு உழைத்த நாட்டின் கதவு மூடியது. சுவிட்சர்லாந்திலே குடியேறினார்.

1971-ல், எண்பத்திரண்டு வயதிலே, ‘கிட்’ படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தார். தானே இசை அமைத்து மறுபடி உலகுக்கு அளித்தார். மறு ஆண்டு அமெரிக்கா அழைத்தது, விருது கொடுத்தது. வரவேற்க வந்தவர்களிலே ஒருவர் தலை வழுக்கையான, பருத்த மனிதர். அவர்தான் அந்தப் பொடியன், ஜாக்கி கூகன்! 1977 டிசம்பர் 25-ல் சாப்ளின் மறைந்தார். 1978 மார்ச்சிலே, பணம் பறிக்கும் ஆசையில் அவர் சவப்பெட்டியையே தோண்டித் திருடினார்கள். மே மாதம் மீட்டுப் புதைத்தார்கள். பிழைப்பு இல்லாத இருவர் செய்த வேலை அது என்று பின்னர் தெரிந்தது. செத்த பிறகும் அவர் கல்லறையைத் தட்டியது ஏழ்மைதான்!

இனி நம் ஊருக்கு வருவோம். 1920-ல், சாப்ளின் ஓட்டல் அறையிலே படச் சுருளை ஒட்டிக்கொண்டிருந்த அதே பருவத்திலே, சென்னை மாநகராட்சியிலே ஒரு தீர்மானம் நிறைவேறியது. தலைமையில் இருந்தவர் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர். ஆயிரம் விளக்குப் பள்ளியிலே படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பகல் உணவு, தலைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல்! தாயை விட்டுப் பிரிக்காமல், உடையைக் கழற்றாமல், லாரியில் ஏற்றாமல், படிக்கிற இடத்திலேயே தட்டு வைத்த தீர்மானம் அது. செலவு என்று காரணம் காட்டி 1925-ல் வெள்ளை அரசு அதை நிறுத்தியது. 1956-ல் காமராசர் மாநிலம் முழுதும் கொண்டுவந்தார். 1982-ல் சத்துணவாக விரித்தார் கும்பகோணத்திலே பசித்திருந்த அந்தப் பிள்ளை. 1989-ல் கலைஞர் ஆட்சியிலே முட்டை சேர்ந்தது. 2022-ல் மு.க.ஸ்டாலின் ஆட்சியிலே காலை உணவும் வந்தது. கட்சி வேறாகலாம், கொடி வேறாகலாம். தட்டிலே விழுந்த சோறு, பிள்ளையின் உரிமைச் சோறு!

ஆகையால் வேலை முடிந்துவிட்டதா? இல்லை. 2018-ல் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டது. குடிசையும் தென்னையும் போனபின், சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்காக, பெற்ற பிள்ளையை ஆட்டுக் கிடை மேய்க்க ஒப்படைத்த செய்தி நம் மாவட்டத்திலிருந்தே வந்தது. கொத்தடிமையை ஒழிக்கும் சட்டம் 1976-ல் வந்துவிட்டது. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்தத் தொழிலுக்கும் வைக்கக் கூடாது என்று 2016-ல் சட்டம் இறுக்கப்பட்டது. சட்டம் ஏட்டிலே இருக்கிறது, பிள்ளை கிடையிலே இருக்கிறது. இடையிலே இருப்பவர் யார்? நாம்தான்!

தோழர்களே! உங்கள் கிளையிலே கொடிக்கம்பம் இருக்கிறது, படிப்பகம் இருக்கிறது. அதோடு ஒரு சிறிய நோட்டும் இருக்கட்டும். உங்கள் தெருவிலே பள்ளிக்குப் போகாத பிள்ளை எது, அறுவடை முடிந்ததும் செங்கல் சூளைக்குப் பெற்றோரோடு போய்விட்ட பிள்ளை எது, தகப்பன் குடித்துவிட்டு வந்ததால் இரவு உண்ணாமல் படுத்த பிள்ளை எது என்று அதிலே எழுதுங்கள். ஆசிரியரிடம் போங்கள், அதிகாரியிடம் போங்கள், விடாதீர்கள். ஓர் ஊரிலே ஒரு பிள்ளை திரும்பிப் பள்ளிக்கு வந்தால், அது நூறு பொதுக்கூட்டத்துக்குச் சமம்.

பழைய படத்தைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சிரியுங்கள், அழுங்கள். ஆனால் பசித்த நாட்களைப் பொற்காலம் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். பசித்த பிள்ளை வளர்ந்து எடுத்த படம் அது. அவர் அதை எடுத்தது, இனி ஒரு பிள்ளையும் லாரியிலிருந்து கை நீட்டக் கூடாது என்பதற்காக. நீட்டிய கையைப் பிடிக்க அன்று ஒரு நாடோடி கூரை மேல் ஓடினான். நாம் ஓட வேண்டாம், நடந்தால் போதும், அடுத்த தெருவரை!